விமானத் திசைகாட்டியும் அதனுள் நிற்கும் திரவமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

நம் சங்க மலருக்கு நான் எழுதுவதென்றால் கல்வெட்டு, பழங்காசு, கடல் வாணிகம் என்று ஏதாவது ஒன்றைத்தான் அன்பர்கள் எதிர்பார்ப்பார்கள். இம்முறை பொருள் மாறுகிறது. அதற்குக் காரணம் என் பேரன்.

நாகோலில் இருந்து மெட்ரோ ரயிலில் வீடு திரும்பிக் கொண்டிருந்தோம். ஹப்சிகுடாவுக்கு முந்தின நிலையத்தின் பெயர் என்.ஜி.ஆர்.ஐ. அறிவிப்பைக் கேட்டதும் பையன், "தாத்தா, நம்ம ஊர்ல எம்.ஜி.ஆர். மாதிரி இவங்க ஊர்ல என்.ஜி.ஆரா?" என்றான். பெட்டியில் இருந்த இரண்டொரு தமிழர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அது தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், பூமியின் காந்தத்தை அளக்கிற இடம் என்று சொன்னேன். பூமிக்குக் காந்தம் இருப்பதை எப்படிக் காட்டுவது என்று அடுத்த கேள்வி வந்தது. வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து பழைய விமானத் திசைகாட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பழைய இரும்புக் கடையில் வாங்கியது, கைப்பிடிக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி. அவன் இப்படியும் அப்படியும் திருப்பினான். உள்ளே இருந்த அட்டை ஒரு பக்கம் சாய்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை.

"தாத்தா, இதுல தண்ணி வத்திப் போச்சு."

அவன் சொன்னது சரி. தண்ணீர் இல்லை, எண்ணெய். ஆனால் வற்றியது உண்மை. இந்தத் திரவத்தைப் பற்றி நான் முப்பது ஆண்டுக்கும் மேலாகக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு ஆரம்பம் என் கடையில் நடந்த ஒரு தவறு.

1980களில் செகந்திராபாத் ராணிகஞ்சில் ஆயில் சீல், ரப்பர் வளையம், பித்தளைத் திருகு, கேஸ்கெட் தாள் இவற்றை விற்றுக் கொண்டிருந்தேன். பேகம்பேட்டையில் விமானக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருவர் அவ்வப்போது வருவார். வேலூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை நயினாரே என்பார். ஒரு நாள் கையில் நூலால் அளவெடுத்து வந்து, இந்த அளவில் ஒரு ரப்பர் வளையம் வேண்டும் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நல்ல இயற்கை ரப்பரில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பதினைந்து நாள் கழித்து வந்தவர் கோபப்படவில்லை. வளையத்தைக் கல்லாப் பெட்டி மேல் வைத்தார்.

"இத பாருங்க நயினாரே."

வளையம் பெருத்திருந்தது. ஊறின உளுந்து மாதிரி உப்பி, விரலால் அழுத்தினால் நசுங்கியது. திசைகாட்டியின் மூடியில் போட்டாராம். உள்ளே இருந்த எண்ணெயைக் குடித்துக் குடித்து ஊதி, இடத்தை விட்டு நழுவி, திரவமெல்லாம் கசிந்து போய்விட்டது. எனக்கு நெஞ்சு பதைத்தது. அவர் சிரித்தார்: "பயப்படாதீங்க. இது பசங்களுக்குப் பாடம் காட்ட வெச்சிருக்கிறது, பறக்கிறது இல்ல. பறக்கிறதுல உங்க கடை ரப்பர் ஏறாது. சீட்டு இல்லாத சாமான் ஒரு திருகுகூட விமானத்துல ஏறக் கூடாது."

பெட்ரோலிய எண்ணெயில் இயற்கை ரப்பர் ஊறும், ஸ்பிரிட்டில் அப்படி ஊறாது. எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர்தான் வேண்டும். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. நான் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி: உள்ளே என்ன இருக்கிறது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் திசைகாட்டியின் வரலாறு முழுவதும் வந்துவிடுகிறது என்பதைப் பிற்பாடுதான் கண்டேன்.

காந்தம் முதலில் மிதந்தது, பிறகுதான் முனையில் நின்றது. 1044 அளவில் தொகுக்கப்பட்ட சீனப் போர்நூல் ஒன்றில் மெல்லிய இரும்புத் தகட்டை மீன் வடிவில் வெட்டி, பழுக்கக் காய்ச்சி, வடக்கு தெற்காக வைத்துக் குளிரவிட்டு, கிண்ணத்து நீரில் மிதக்க விடும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. 1088 அளவில் ஷென் குவோ என்ற சீன அறிஞர் காந்த ஊசி சரியான தெற்கைக் காட்டாமல் சற்றே விலகி நிற்பதையும் எழுதி வைத்தார். ஊசியை முனைமேல் நிறுத்தும் முறையை 1269இல் பீட்டர் பெரிகிரினஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தெளிவாக விவரித்தார். நமக்கு நெருக்கமான சான்று 1282இல் எழுதிய பைலக் அல் கிப்சாகி என்பவருடையது. சிரியாக் கடற்கரையிலிருந்து அலெக்சாண்டிரியா போகும் வழியில் மாலுமிகள் ஊசியை நீரில் மிதக்க விட்டதைத் தாமே பார்த்ததாகச் சொல்லும் அவர், இந்தியப் பெருங்கடலில் போகும் கப்பல் தலைவர்கள் உள்ளே கூடான இரும்பு மீன் ஒன்றை நீரில் விடுவதாகவும் குறிப்பிடுகிறார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் மேடைகளில், பண்டைய இந்திய மாலுமிகள் எண்ணெய்க் கிண்ணத்தில் இரும்பு மீன் விட்டு, 'மச்ச யந்திரம்' என்ற பெயரில் பயன்படுத்தினார்கள், ஆகவே திசைகாட்டி நம்முடையதே என்று முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். ராதாகுமுத் முகர்ஜி 1912இல் வெளியிட்ட இந்தியக் கப்பல் வரலாற்று நூலிலிருந்து பரவிய செய்தி அது. நானும் ஒரு காலத்தில் மேடையில் சொன்னவன்தான். ஆனால் அதைத் தாங்கும் அளவுக்குக் காலம் உறுதியான பழஞ்சான்று எதையும் நான் கண்டதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நம் கடலில் இரும்பு மீன் மிதந்தது என்பது வரை கிப்சாகியின் துணையோடு உறுதியாகச் சொல்லலாம். அதுவே எனக்குப் போதும்.

பிறகு ஐந்து நூற்றாண்டுக்கும் மேலாக உலர்ந்த திசைகாட்டியே ஆட்சி செய்தது. கூரிய முனை, அதன்மேல் காந்தத்தோடு சேர்ந்த அட்டை, சுற்றிலும் வெறும் காற்று. அலை அடித்தால் அட்டை ஆடும். ஆட்டம் நிற்பதற்குள் அடுத்த அலை வரும். இங்கிலாந்தில் பேவர்ஷாம் ஊரைச் சேர்ந்த பிரான்சிஸ் குரோ என்ற வெள்ளிப் பொருள் செய்பவர் 1813இல் கிண்ணத்தைத் திரவத்தால் நிரப்பிய திசைகாட்டிக்குக் காப்புரிமை பெற்றார். நாற்பது, ஐம்பது ஆண்டு கழித்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்வர்ட் ரிச்சி அதைச் செம்மையாக்கி, தம் நாட்டுக் கடற்படை ஏற்கும்படி செய்தார். பிரிட்டிஷ் கடற்படையோ வேறு வழியில் போனது. கெல்வின் பிரபு என்று நாம் பாடப் புத்தகத்தில் படித்த வில்லியம் தாம்சன், பட்டு நூலில் கட்டிய மெல்லிய உலர்ந்த அட்டைக்கு 1876இல் காப்புரிமை பெற்றார். 1889இல் கடற்படை அதையே தரமாக ஏற்றது. அவ்வளவு பெரிய மேதையின் கருவி பதினேழு, பதினெட்டு ஆண்டுதான் நின்றது. பீரங்கி வெடித்தால் அட்டை குதித்தது, எந்திர அதிர்வில் நடுங்கியது. 1906க்குப் பின் கேப்டன் செட்விண்ட் வடிவமைத்த திரவத் திசைகாட்டி அதன் இடத்தைப் பிடித்தது. அவர் செய்த முக்கிய மாற்றம் எளிமையானது. அட்டையின் விட்டத்தைக் குறைத்து, அட்டைக்கும் கிண்ணச் சுவருக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டார். கிண்ணம் திரும்பும்போது சுவரை ஒட்டிய திரவம்தான் கூடச் சுழலும். அந்தச் சுழல் அட்டையைத் தொடாமல் போயிற்று.

திரவம் செய்கிற வேலை இரண்டு. அட்டைக்கு அடியில் ஒரு மிதவை இருப்பதால் முனைமேல் விழும் எடையைத் திரவம் தாங்கிக் கொள்கிறது, முனை மழுங்காது. இரண்டாவது, ஆட்டத்தை அடக்குகிறது. பாயசத்துக்குள் கரண்டியை ஆட்டுவதற்கும் வெறும் பாத்திரத்தில் ஆட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். கப்பலுக்குத் தண்ணீர் கலந்த ஸ்பிரிட் ஊற்றினார்கள். வெறும் தண்ணீர் குளிரில் உறைந்துவிடும் என்பதே காரணம்.

விமானம் வந்ததும் அதிர்வு பல மடங்காயிற்று. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று 1914 போரில் வெளிப்பட்டது. மேகத்துக்குள் நுழைந்த விமானிகள், திசைகாட்டி திடீரென்று தானாகச் சுற்றுகிறது, பொய் சொல்கிறது என்று புகார் செய்தார்கள். பான்பரோ விமானத் தொழிற்சாலையில் அதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கீத் லூகஸ். இவர் கேம்பிரிட்ஜில் நரம்பையும் தசையையும் ஆராய்ந்த உடலியல் அறிஞர்! சுற்றியது விமானமே, மேகத்துக்குள் விமானிக்கு அது தெரியவில்லை. அதோடு, வடக்கு நோக்கிப் போகும் விமானம் சாய்ந்து திரும்பும்போது திசைகாட்டி அந்தத் திருப்பத்தைக் காட்டத் தாமதிக்கும், சில சமயம் எதிர்ப்பக்கம் காட்டும். அட்டையும் விமானத்தோடு சேர்ந்து சாய, பூமியின் காந்தம் கீழ்நோக்கி இழுக்கும் பங்கு ஊசியைத் தாழ்ந்த இறக்கையின் பக்கம் இழுத்துவிடுவதே இதற்குக் காரணம். லூகஸ் இந்தப் பிழை குறைந்த திசைகாட்டியை வடிவமைத்தார், தாமே விமானம் ஓட்டவும் கற்றார். 1916 அக்டோபர் 5 அன்று வானத்தில் இன்னொரு விமானத்தோடு மோதி இறந்தார். வயது 37.

இந்தப் பிழை எல்லா ஊரிலும் ஒன்றல்ல என்பது நமக்குச் சுவையான செய்தி. லண்டனில் தடையின்றித் தொங்கவிட்ட காந்த ஊசி கிடைமட்டத்திலிருந்து சுமார் 66 பாகை கீழே குத்தி நிற்கும். நம் ஹைதராபாத்தில் அந்தச் சாய்வு 20 பாகையைச் சற்றே தாண்டும். தெற்கே போகப் போகக் குறைந்து திருநெல்வேலிப் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும், காந்த நடுக்கோடு அந்த வழியே போவதால். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அந்தக் கோட்டுக்கு அருகில் இருந்ததால்தான். ஆகவே ஆங்கிலேயர் எழுதிய பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்த நம் பையன்கள், அதில் பயமுறுத்தும் அளவு பிழையைப் பேகம்பேட்டை வானத்தில் தேடினால் கிடைக்காது. பிழை உண்டு, ஆனால் சிறியது.

இந்தியாவில் திசைகாட்டியை நம்பிப் பறந்த பயணங்களில் புகழ்பெற்றது 1932 அக்டோபர் 15 அன்று தொடங்கியது. ஜே.ஆர்.டி. டாடா ஒற்றை எந்திரம் கொண்ட பஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து தபாலோடு புறப்பட்டு ஆமதாபாத் வழியாக மும்பை ஜூஹு வந்து இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு சேர்த்தார். வானொலி வழிகாட்டல் எதுவும் கிடையாது. கீழே தெரியும் தண்டவாளமும் ஆறும், மடியில் வரைபடம், எதிரே திசைகாட்டி. பெல்லாரியிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் 400 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். திசைகாட்டியில் 5 பாகை பிழை இருந்து, அதைக் கவனிக்காமல் கடைசி வரை போனால், 35 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கரையை அடைவோம். கீழே தரை தெரிந்தால் திருத்திக் கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை மேகம் மூடிக்கொண்டால் மாமல்லபுரத்துக்கோ பழவேற்காட்டுக்கோ பக்கமாகப் போய்க் கடலைப் பார்க்க வேண்டியதுதான். அதே தடத்தில் பிற்பாடு பெல்லாரிக்குப் பதிலாக ஹைதராபாத் சேர்ந்தது. நிஜாம் அரசு பேகம்பேட்டையில் விமான நிலையம் அமைத்தது. இரண்டாம் உலகப் போரில் அங்கே விமானப்படையின் தொடக்கப் பயிற்சிப் பள்ளி நடந்தது, டைகர் மாத் என்ற இரட்டை இறக்கை விமானங்களில்.

வேலூர்க்காரர் தொழில் கற்றது அந்தக் காலத்தை ஒட்டி வந்தவர்களிடம். டைகர் மாத்தின் திசைகாட்டி ஒரு பெரிய வட்டக் கிண்ணம். விமானி குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். உள்ளே ஸ்பிரிட், காந்தத்தோடு சேர்ந்து நாற்புறமும் நீண்ட மெல்லிய கம்பிகள். கம்பிகள் திரவத்தைக் கிழித்துக்கொண்டு நகர்வதால் ஊசி ஆடாமல் வந்து நிற்கும். திரவம் போனால் அந்தக் கம்பிகளுக்கு வேலையே இல்லை. பின்னால் வந்த அமெரிக்கப் பாணிச் சிறு திசைகாட்டிகள் கண்ணுக்கு நேராக முன்கண்ணாடியை ஒட்டி நிற்பவை. செஸ்னா போன்ற பயிற்சி விமானங்களில் பார்க்கலாம். அவற்றில் ஸ்பிரிட் கிடையாது. நன்றாகச் சுத்திகரித்த, நிறமற்ற, மண்ணெண்ணெய் இனத்து எண்ணெய். இந்த இரண்டையும் மாற்றி ஊற்றுவதுதான் இத்தொழிலில் பெரும்பாவம் என்பார் அவர். எண்ணெய்க் கிண்ணத்தில் ஸ்பிரிட் போனால் அட்டையின் எழுத்துச் சாயம் கரையலாம், ஸ்பிரிட் கிண்ணத்தில் எண்ணெய் போனால் பழைய ரப்பர் என் வளையம் மாதிரி உப்பும்.

திரவம் ஏன் வற்றுகிறது? நம் ஊர் வெயில்தான் முதல் காரணம். கொட்டகை இல்லாமல் மைதானத்தில் நிற்கும் விமானத்தின் கண்ணாடிக்குள் மே மாதம் கை வைக்க முடியாது. மண்ணெண்ணெய் இனத்து எண்ணெய் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு விரியும். விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் 40 பாகை வித்தியாசம் என்றால் நூறு மில்லி எண்ணெய் நான்கு மில்லி கூடும், ஒரு தேக்கரண்டிக்குச் சற்றே குறைவு. இந்தத் தேக்கரண்டிக்கு இடம் கொடுக்கத்தான் பெட்டியின் பின்புறம் ஒரு மெல்லிய டயஃப்ரம் வைத்திருக்கிறார்கள். பகலில் புடைத்து இரவில் சுருங்கி, மூச்சு விடுவது போல வருஷக்கணக்கில் வேலை செய்து ஒரு நாள் விரிசல் விடும். எண்ணெய் கசிந்து, அந்த இடத்தில் காற்று புகும். கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒரு குமிழி தெரியும். கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி இருந்தால்தான் வேலை. இதில் குமிழி வந்தால் வேலை கெட்டது. அட்டை குமிழியில் உரசிச் சிக்கும், மேலே எழும்பிய மிதவை தாழ்ந்து முனையை அழுத்தும். எண்ணெய் மஞ்சளாகிக் கலங்கி, எண் படிக்க முடியாமல் போவதும் உண்டு.

மறுபடி நிரப்புவதை நான் ஒருமுறை முழுதாகப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பலசரக்குக் கடையில் புட்டியில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி ஊற்றிவிடுவார்கள் என்று நினைத்துப் போனவன் அரைநாள் உட்கார்ந்தேன். முதல் ஆச்சரியம் திருப்புளி. பித்தளை. இரும்புத் திருப்புளி காந்தத்தின் பக்கமே வரக்கூடாது, கழற்றும் திருகுகளும் பித்தளை. பெட்டியைப் பிரித்து, பழைய எண்ணெயைக் கொட்டி, அதே இனத்து எண்ணெயால் அலசினார். பிறகு முனையையும் அது உட்காரும் கல்லையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார். கைக்கடிகாரத்தில் 17 ஜுவல் என்போமே, அந்த மாதிரிக் கல்தான். கல்லில் கீறல் இருந்தால் புது எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. டயஃப்ரம், கேஸ்கெட் இரண்டும் பழையதைத் திரும்பப் போடவே மாட்டார். மூடிய பிறகு மேலே உள்ள சிறு துளை வழியாக எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பெட்டியைச் சாய்த்து விரல் நகத்தால் தட்டித் தட்டிக் குமிழிகளை வெளியேற்றினார். அதோடு முடியவில்லை. எண்ணெயிலேயே கரைந்த காற்று இருக்கும். ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சினார். சோடா பாட்டில் திறந்த மாதிரி நுண்ணிய குமிழிகள் எழுந்தன. நின்றதும் மீண்டும் சில சொட்டு விட்டு, திருகை மூடி, ராத்திரி முழுக்கத் தாளின்மேல் வைத்தார். காலையில் தாளில் கறை இல்லை. ஒரு துண்டுக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோய் அட்டையை விலக்கிவிட்டு எடுத்தார். அட்டை மெதுவாகத் திரும்பிப் பழைய இடத்திலேயே வந்து நின்றது.

"முடிஞ்சுதாண்ணே?" என்றேன்.

"பாதி. இப்ப இது நல்ல திசைகாட்டி. விமானத்துல போட்டதும் கெட்டுப் போயிடும்."

என்ன பேச்சு இது என்று விழித்தேன். விமானத்தில் எஃகு எந்திரம் இருக்கிறது, மின்கம்பி, வானொலி எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஊசியைத் தன் பக்கம் இழுக்கும். ஆகவே பெட்டியை மாட்டிய பின் விமானத்தைக் கொட்டகையின் இரும்புக்கு எட்ட, தரையில் வரைந்த திசை வட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எந்திரம் ஓட, வானொலி ஓட, வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நிறுத்தினார்கள். ஒவ்வொரு இடத்திலும் கருவி எவ்வளவு தவறாகக் காட்டுகிறது என்று குறித்தார்கள். வடக்கில் உள்ள பிழையிலிருந்து தெற்கில் உள்ளதைக் கழித்துப் பாதியாக்கினால் ஒரு எண், கிழக்கு மேற்குக்கும் அப்படியே. அந்த அளவைப் பெட்டிக்குள் இருக்கும் சிறு காந்தங்களைப் பித்தளைத் திருப்புளியால் திருப்பிச் சரிக்கட்டினார். எவ்வளவு சரிக்கட்டினாலும் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தை மறைக்கக் கூடாது. 30 பாகைக்கு ஒரு தடவை நிறுத்தி, இந்தத் திசைக்குப் போக வேண்டுமானால் இந்த எண்ணில் பிடி என்று ஒரு சிறு சீட்டில் எழுதித் திசைகாட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். என் கணக்குப் புத்தகத்தில் வராக்கடனை இவ்வளவு வெளிப்படையாக நான் ஒருநாளும் எழுதி மாட்டியதில்லை.

இன்று செயற்கைக்கோள் வழிகாட்டி விமானியின் மடியிலேயே இருக்கிறது. திரவமே இல்லாமல் சுழல் மின்னோட்டத்தால் ஆட்டத்தை அடக்கும் செங்குத்து அட்டைத் திசைகாட்டிகளும் வந்துவிட்டன. ஆனாலும் சிறு விமானத்தில் காந்தத் திசைகாட்டி இருந்தே ஆக வேண்டும் என்ற விதி போகவில்லை. மின்சாரம் மொத்தமும் நின்றாலும் வேலை செய்யும் கருவி அது.

விமானம் ஊசியைக் கெடுப்பது போல ஊரும் ஊசியைக் கெடுக்கும். பூமியின் காந்தத்தை இந்தியாவில் தொடர்ந்து அளந்தவர்கள் இந்தத் தொல்லையைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்திருக்கிறார்கள். சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் நிறுவிய வான்காணகத்துக்கு 1850களில் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், நகரத்தில் ஒன்று போதாதென்று அகத்தியமலை உச்சிக்கே காந்தக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போனார். மும்பையில் 1840களிலிருந்து கொலாபாவில் அளந்து வந்தார்கள். குதிரை டிராமை மின்சார டிராமாக மாற்றத் திட்டம் வந்தபோது, இயக்குநராக இருந்த நானாபாய் மூஸ் ஊசிக்கு இனி அங்கே வாழ்வில்லை என்று கண்டார். 1904இல் கடல் தாண்டி அலிபாகில் புதிய காந்தக்காணகம் அமைந்தது. பழையதைச் சட்டென்று மூடவில்லை. 1906 வரை இரண்டையும் ஒருசேர நடத்தி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்ட பிறகே கொலாபாவை நிறுத்தினார்கள். அதனால்தான் மும்பையின் காந்தக் கணக்கு அறுபடாமல் இன்றுவரை தொடர்கிறது. வேலூர்க்காரர் திசை வட்டத்தில் செய்ததற்கும் இதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

நம் ஹப்சிகுடாவின் கதையும் இதில் சேர்கிறது. என்.ஜி.ஆர்.ஐ. 1961இல் தொடங்கியது. அதன் காந்தக்காணகம் 1964 முதல் அளந்து வருகிறது. அப்போது இந்தப் பக்கம் பாறையும் புதரும் வயலும்தான். பிறகு உப்பல் சாலை நெடுகக் கட்டிடம், லாரி, பேருந்து. 2017 நவம்பரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. இது வரப்போவதை அறிந்து, அதற்கு முன்பே விஜயவாடா நெடுஞ்சாலையில் சௌட்டுப்பல் என்ற இடத்தில் அவர்கள் இன்னொரு காந்தக்காணகம் அமைத்துவிட்டார்கள். மும்பையை டிராம் விரட்டியது, நம்மை மெட்ரோ. விரட்டிய ரயிலின் நிலையத்துக்கே விரட்டப்பட்டவர்களின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று பேரனிடம் சொன்னேன். அவனுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

அந்த வற்றிய பெட்டியை என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. போர்க்காலத்துப் பழைய திசைகாட்டி யார் வீட்டிலாவது இருந்தால் திறக்கவே திறக்காதீர்கள். இருட்டில் ஒளிரும் எழுத்துக்கு அந்நாளில் ரேடியம் கலந்த சாயம் பூசினார்கள். ஒளி போன பிறகும் அதன் கதிர்வீச்சு போகாது. என்னிடம் இருப்பது பிற்காலத்தது, வெறும் வெள்ளைச் சாயம்.

நைட்ரைல் ரப்பரில் வளையமும், அதே ரப்பரின் மெல்லிய தகட்டில் டயஃப்ரமும் நானே வெட்டினேன். இதுவும் சீட்டு இல்லாத சாமான்தான், பறக்காத பெட்டிக்குப் போதும். மணமற்ற சுத்த எண்ணெயைப் பேரன் ஊசி போடும் குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டான். காற்றை உறிஞ்சும் குடுவை நம்மிடம் இல்லை. இரண்டு நாள் தட்டித் தட்டியே குமிழியை விரட்டினோம். மூன்றாம் நாள் காலை மொட்டை மாடிக்குக் கொண்டு போனால் வடக்கு சமையலறைப் பக்கம் திரும்பி நின்றது. பையன் முகம் வாடிவிட்டது. "தாத்தா, சரியா ஊத்தலையா?" என்றான். காரணம் எங்கள் ஊற்றல் அல்ல, தளத்துக்குள் போட்ட முறுக்குக் கம்பி. கீழே இறங்கி, தெருமுனையில் இருக்கும் பூங்காவுக்குப் போய், இரும்பு வேலியை விட்டு எட்ட, மண் தரையில் மர மணை ஒன்றைப் போட்டு வைத்தோம். அட்டை ஒருமுறை மெல்லச் சுற்றி நின்றது. ஹைதராபாத்தில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள விலக்கம் ஒரு பாகைக்கும் குறைவு என்பதால் அதை அப்படியே வடக்கு என்று கொண்டோம்.

பிறகு பூங்காவில் கண்ட வடக்கை மனதில் வைத்து, மாடிக்குப் போய் ஒவ்வொரு மூலையிலும் எவ்வளவு தவறு என்று பேரன் நோட்டுத் தாளில் எழுதினான். தண்ணீர்த் தொட்டி மூலையில் 11, துணி காயும் கம்பத்தடியில் 6, மாடிப்படிக் கதவோரம் 19. அந்தத் தாளைப் பெட்டியின் பின்னால் பசை போட்டு ஒட்டியிருக்கிறான். வீட்டுக்கு வரும் அன்பர்கள் பார்க்கலாம்.